கழுத்தளவு மண்ணில் தக்காளி

இன்று காலையும் ஒரு நாற்று சாய்ந்து கிடந்தது. ஜெலுத்தோங்கில், ஒன்பதாவது மாடியில் இருக்கும் என் வீட்டு பால்கனிக்கு வெயில் ஒரு மணி நேரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் எதிர் பிளாக்கின் நிழல்தான். அதனால் என் தக்காளி நாற்றுகள் தண்டு மெலிந்து, இலைக்கும் இலைக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு, வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து நிற்கின்றன. நிற்கின்றன என்பதே அதிகம். குச்சி நட்டு, கயிறு கட்டி நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். முட்டிவலியோடு குனிந்து இதைச் செய்வதற்குப் பாசாரில் தக்காளி வாங்கிவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

கட்டி முடித்துவிட்டு விரலை முகர்ந்தேன். தக்காளி இலையைத் தொட்டால் பச்சையாக, கொஞ்சம் காட்டமாக ஒரு வாசம் ஒட்டிக்கொள்ளுமே, உங்களுக்குத் தெரியும்தானே? சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. ஸ்டெல்லாவின் கையில் எப்போதும் அந்த வாசம்தான்.

ஸ்டெல்லாவும் நானும் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அப்போது எங்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. டத்தோ கிராமாட்டில் ஒரு பழைய வீட்டின் பின்னறையை இருவருமாக வாடகைக்கு எடுத்திருந்தோம். அவள் தாசேக் கெலுகோர்க்காரி. அம்மா இல்லை, ரப்பர் மரம் சீவும் அப்பா, கல்யாணமான இரண்டு அண்ணன்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய் வந்த கையோடு செடிகளிடம் உட்கார்ந்துவிடுவாள். பால் டின்களில் விதை போட்டு சன்னலோரம் அடுக்கியிருந்தாள். சன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். அங்கேயும் இதே நெட்டைக் கதைதான்.

எங்கள் வரிசையைக் கவனிக்கும் லைன் லீடராக அவளை ஆக்கப் போவதாகத் தொழிற்சாலையில் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அப்பா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார் என்று தகவல் வந்தது.

“ரெண்டு வாரம்தான் லா, வந்துடுவேன். செடிய பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். வெயில் இல்லாமல்தானே மெலிகிறது என்று, வேலைக்குப் போகுமுன் எல்லா டின்களையும் தூக்கிப் பின்வாசல் வெயிலில் வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால், வேகவைத்த கீரை. வீட்டுக்காரம்மாவின் தொலைபேசியில் ஸ்டெல்லாவின் அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டு, அழாத குறையாகச் சொன்னேன்.

“ஏதாச்சும் மிச்சம் இருக்கா?” என்றாள்.

“மூணு இருக்கு.”

“ஆழமா குழி தோண்டி கழுத்து வரைக்கும் பொதைச்சிரு. தண்டுலயே வேர் விடும். மேல நாலு எல தெரிஞ்சா போதும்.”

டின்களில் மண்ணைக் கூட்டிப் புதைத்தேன். மூன்றும் பிழைத்துக்கொண்டன. அவள் சொன்ன இரண்டு வாரம் மூன்று மாதமானது.

ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தாள். முகம் வற்றியிருந்தது. கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பழத்தைக் காட்டினேன். ஒன்றைப் பறித்துப் பாவாடையில் துடைத்துக் கடித்தாள். “புளிக்குது லா” என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்:

“அப்பாவ பாக்க ஆளில்ல. அண்ணனுங்க என்னை வேலைய விட்டுட்டு வரச் சொல்றானுங்க. நீ என்ன சொல்றே?”

நான் சொன்னது இதுதான்: “அடுத்த தடவ பெரிய டின்ல போடலாம்.”

அவள் வராவிட்டால் லைன் லீடர் இடம் உனக்குத்தான் என்று சூப்பர்வைசர் முந்தாநாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அதனால்தான் ‘போகாதே’ என்று சொல்லவில்லையா என்று கேட்டால், தெரியாது என்பேன். தெரியாது என்று சொல்லிச் சொல்லியே சலித்துவிட்டது. தெரியும்.

ஸ்டெல்லா உள்ளே போனாள். துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த மாதம் நான் லைன் லீடர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. நான் பதில் எழுதவில்லை. பிறகு வரவில்லை.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது உயரமான கொண்டோ குடியிருப்பு. தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அதெல்லாம் போனதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் அவள் போன பிறகும் வெகுகாலம் கை தானாக இரண்டு பேருக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பழக்கம் என்றைக்கு நின்றது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.