கரப்பான் விட்டுப்போன கறுப்பு

குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசினால் முதலில் குளிர்ச்சியாக இருக்கும். காயக் காயத் தோலை இழுத்துப் பிடிக்கும். அப்புறம் உள்ளேயிருந்து யாரோ கிள்ளுவதுபோல அரிப்பு மறுபடி தொடங்கும். என் ஐந்தாம் வகுப்பு வருடம் அந்தப் பச்சிலை வாடையிலேயே கழிந்தது. முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து என்று தோல் மடிகிற இடங்களிலெல்லாம் எனக்குக் 'கரப்பான்' வந்திருந்தது. டாக்டர்கள் அதை எக்ஸிமா என்பார்கள். 'கரப்பான் பண்டம்' என்று சொல்லிக் கத்திரிக்காயையும் கருவாட்டையும் வீட்டில் எனக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் மாறவில்லை. சொறிந்து சிவந்த இடம் ஆறும்போது கறுத்தது; கறுத்த இடமே மறுபடி அரித்து, தடித்து, பள்ளிக்கூடத்தில் பையன்கள் 'ஆனைத்தோலு' என்று கூப்பிடும்படி ஆயிற்று.

வேறு வீட்டுப் பிள்ளைக்கு வந்திருந்தால் அது வெறும் தோல் நோய். என் அப்பா மாரியம்மன் கோயில் பூசாரி. திருநகரில் எங்கள் தெருக்கோடியில் இருந்த சின்னக் கோயில் அது. அம்மை இறங்கியவர்கள், உடம்பில் கொப்புளமோ மருவோ வந்தவர்கள் எல்லாம் உப்பும் மிளகும் கொண்டுவந்து ஆத்தாளுக்குக் கொட்டிவிட்டு, அப்பா கையால் திருநீறும் வேப்பிலையும் வாங்கிப் போவார்கள். வெள்ளிக்கிழமைகளில் திருநீற்றுத் தட்டை ஏந்தி அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பதும், கூட்டம் கூடினால் நானே திருநீறு எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. சன்னதியில் சட்டை போடக்கூடாது. இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அப்படி நிற்பதில் எனக்கு நிரம்பப் பெருமை இருந்தது.

ஓர் ஆடி வெள்ளியன்று அடுத்த தெரு டீச்சரம்மா திருநீறு வாங்கக் கையை நீட்டியவர், என் முழங்கையைப் பார்த்ததும் மெல்லக் கையை இழுத்துக்கொண்டார். "தம்பி, நீ குடுக்க வேண்டாம். அப்பாவைக் குடுக்கச் சொல்லு" என்றார். அதட்டலெல்லாம் இல்லை, தணிந்த குரல்தான். அவருக்குப் பின்னால் நின்ற இன்னொரு பெண், "ஆத்தாளைத் தொட்டுப் பூசை பண்ற வீட்டுலயே இம்புட்டு இருக்கே" என்று யாரிடமோ சொன்னது எனக்கும் கேட்டது, அப்பாவுக்கும் கேட்டது. அவர் திரும்பி என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்து வந்தாள். "அப்பா இதைப் போட்டுக்கிட்டு வெளியவே நிக்கச் சொன்னாரு. வர்றவங்க செருப்பைப் பாத்துக்கணுமாம்" என்றாள். அந்தப் புழுக்கத்தில் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, உள்ளே கேட்கிற மணிச் சத்தத்தைக் கேட்டபடி செருப்புகளுக்கு நடுவில் நின்றேன். வேர்வை பட்டு அரிப்பு இன்னும் கூடியது. ஆத்தாள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்றே நம்பினேன். என்ன தப்புச் செய்தேன் என்றுதான் தெரியவில்லை.

அரிப்பை யாரும் பார்ப்பதில்லை, கறுப்பைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. கறுப்பைப் போக்கிவிட்டால் தட்டு மறுபடி என் கைக்கு வந்துவிடும். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுத் தேய்த்தேன். அம்மா குதிகால் தேய்க்கிற கல்லாலும் தேய்த்தேன். எரிச்சலில் கண்ணீர் வந்தாலும் அழுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். சில நாளில் சீழ் வைத்துக் கை மடக்க முடியாமல் போயிற்று, காய்ச்சலும் வந்தது. அப்போதுதான் அப்பா என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

பஸ் ஏறுமுன் அவர் நெற்றியிலிருந்த திருநீற்றையும் குங்குமத்தையும் துண்டால் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தோல் நோய்ப் பிரிவின் வரிசையில் எங்கள் தெரு ஆட்டோக்காரர் ஒருவர் எதிர்ப்பட்டு, "பூசாரியண்ணே, நீங்க எங்க இங்க?" என்றார். "சொந்தக்காரர் ஒருத்தரைப் பாக்க வந்தோம்ப்பா" என்றார் அப்பா. சொல்லும்போதே என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். கோயில் வாசலில் நின்றபோதுகூட எனக்கு அப்படிக் கூசவில்லை.

உள்ளே இருந்த டாக்டரம்மா என் கையைத் தன் வெறுங்கையால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா அந்தப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஒட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"ஒட்டாதுங்கய்யா. யாருக்கும் ஒட்டாது" என்றவர் என்னிடம், "கறுப்பு அழுக்கு இல்லப்பா. புண்ணு ஆறின அடையாளம், தானாப் போகும். ஆனா மாசக்கணக்கா ஆகும். நீ தேய்ச்சா இன்னும் கறுக்கும், ஆழமாப் புண்ணானா தழும்பு நின்னுரும். முதல்ல அரிப்பை நிறுத்தணும்" என்றார்.

சீழுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். குளித்ததும் ஈரம் காயுமுன் உடம்பெல்லாம் வெள்ளைக் களிம்பு பூச வேண்டும். இன்னொரு மருந்தைச் சிவந்து அரிக்கிற இடத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவி, சொன்ன நாளில் நிறுத்திவிட வேண்டும், கறுப்பு போகட்டும் என்று அதையே தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்துவிடும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பச்சிலையும் எலுமிச்சையும் பக்கத்திலேயே வரக்கூடாது. எல்லாவற்றையும் அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து களிம்பு பூசியது அப்பாதான். மாலையில் நடை திறக்கப் போகுமுன் என்னைக் குளிக்கச் சொல்லி, முற்றத்தில் நிறுத்திப் பூசிவிடுவார். ஆத்தாளுக்குச் சந்தனக் காப்புச் சாத்துகிற அதே விரல்கள் என் முழங்கை மடிப்பில் பதமாக நகரும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதலில் அரிப்பு அடங்கியது. அதற்கு வெகுநாள் கழித்துக் கறுப்பு பழுப்பாகி, அதுவும் மங்கி, அடுத்த ஆடி வருவதற்குள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்றாகிவிட்டது.

"இனிமே நீ உள்ள வரலாம்டா" என்று ஒரு வெள்ளிக்கிழமை அப்பா தட்டை நீட்டினார். படிக்க வேண்டியிருக்கிறது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. நான் அப்புறம் ஒருநாளும் அந்தத் தட்டைத் தொடவில்லை. தோல் தெளிந்த பிறகுதானே கூப்பிட்டார் என்ற எண்ணம் அப்போது எனக்குச் சொல்லாகக்கூட வந்திருக்காது. கால் மட்டும் சன்னதிப் பக்கம் போக மறுத்தது.

இப்போது அந்தக் கோயில் பெரிதாகி வேறு பூசாரி வந்துவிட்டார். அப்பா நாகமலை புதுக்கோட்டையில் என்னோடு இருக்கிறார். எனக்குக் குளிர்காலத்தில் கொஞ்சம் வறட்சி வருவதோடு சரி. முழுக்கைச் சட்டை மட்டும் பழக்கமாகிவிட்டது. கேட்பவர்களிடம் ஆபீஸுக்கு அதுதான் எடுப்பு என்று சொல்வேன்.

போன மாதம் சோழவந்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், தன் மகளின் கழுத்துக் கறுப்பை ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நெளிந்தது. "தேய்க்காதம்மா" என்றார் அப்பா. "அது கரப்பான் விட்டுப்போன கறுப்பு. அரிப்பை நிறுத்துனா தானாப் போயிரும். நல்ல தோல் டாக்டராப் பாத்துக் காட்டு. எம் மகனுக்கு இதைவிடக் கூடவே இருந்துச்சு."

சுற்றிலும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அப்பா அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சுத்தமாப் போயிருச்சாங்கய்யா?" என்றாள் அந்தப் பெண்.

"கையைக் காட்டுடா" என்றார் அப்பா.

மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றிச் சட்டையை முழங்கைவரை சுருட்டினேன். பார்க்க அங்கே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் குனிந்து பார்த்து முடிக்கும்வரை நான் மூச்சு விடவில்லை.