சாவியைப் பற்றாத கை

மயிலாப்பூரில் மருந்துக்கடையில் இன்சுலின் ஊசி கேட்டால், கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முழங்கையின் உட்பக்கத்தைப் பார்க்கிறார். "டாக்டர் சீட்டு கீதா?" எடுத்துக் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் புரட்டுகிறார். மாதந்தோறும் இது நடக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வலி மாத்திரையை ஊசியில் ஏற்றும் பையன்கள் பெருகியதால் கடைகளுக்குக் கெடுபிடி வந்திருக்கிறது. ஆனால் மாத்திரை நின்றுவிடவில்லை. முகம் தெரியாத கைகளிலிருந்து வருகிறது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவனுக்கே தெரியாது. சுத்தமான ஊசிதான் கிடைப்பதில்லை.

நான் பிறந்தது மொரேயில். மணிப்பூரின் கடைசித் தெரு அது, அதற்கப்பால் பர்மா. பர்மாவை விட்டுத் துரத்தப்பட்ட தமிழர்கள் தங்கிப்போன ஊர். கலவரத்தில் வீடு போனபின் சென்னைக்கு வந்தேன். ஆழ்வார்பேட்டையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. நொச்சிக்குப்பத்தை ஒட்டிய வாரியக் குடியிருப்பில் ஓர் அறை. "மணிப்பூரா? அது சைனா பக்கமாச்சே! உன்னப் பாத்தா நம்மாளு மாரியே கீற?" என்று முதல் நாள் வியந்தவள், சாலையோரம் மீன் விற்கும் எதிர்வீட்டுச் செல்வி. நான் விளக்கியதில் பர்மா என்ற சொல் மட்டும் அவளிடம் தங்கியது. அன்றிலிருந்து கட்டடத்துக்கே நான் பர்மாக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறக்காமலே பொழுது சாய்ந்துவிடும். "நுங்காய்ப்ரா" என்று மணிப்பூரின் மெய்தெய் மொழியில் நலம் கேட்க இங்கே யாருமில்லை.

செல்வியின் மகன் தினேஷ் பல மாதம் போதை மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு இந்த மழைக்காலத்தில் திரும்பினான். பிரியாணி செய்து மாடி மாடியாகக் கொடுத்தாள். அவன் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். பார்க்க வந்த கூட்டாளிகளைப் படியிலேயே விரட்டினாள். "அந்தப் பசங்க நெழலுகூட இங்க வுழக் கூடாது." எல்லோரும் அதைச் சரியென்றார்கள். எனக்கு மட்டும் மொரே நினைவுக்கு வந்தது.

மொரேயிலிருந்து சிதறியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, சென்னைக்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் இரக்கம் மிகுந்த ஊரல்ல. நம்பர் ஃபோர் என்கிற ஹெராயினைப் போட்டவனை அங்கேயும் அடித்தார்கள், சிறையில் தள்ளினார்கள். ஆனால் நிறையப் பிள்ளைகளைப் பறிகொடுத்து அந்த ஊர் ஒன்றைக் கற்றுக்கொண்டது. சிறையிலோ மையத்திலோ சில மாதம் இருந்து வருபவனுக்குப் பழைய ஆசை இருக்கும், பழைய தாங்கும் சக்தி இருக்காது. முன்பு போட்ட அளவே ஆளைக் கொல்லும். அதனால் ஒருவன் திரும்பி வந்த நாளில் அவனுடைய கூட்டாளிகளே வீடு தேடி வருவார்கள். அம்மா தேநீர் ஊற்றுவாள். அவள் எதிரிலேயே சொல்வார்கள்: போடாதே, போட்டே தீருவாய் என்றால் தனியாகப் போடாதே. மூச்சைத் திருப்பும் மருந்து ஒருவனுடைய பையில் இருக்கும்.

அந்த வழக்கத்தை நான் செல்வியிடம் பேசிப் பார்த்தேன். "செல்விக்கா, கொஞ்ச நாளைக்கு அவன உள்ள தாப்பா போட்டுக்க விடாதீங்க. ஒருவேளை மறுபடியும்..."

"இன்னா பர்மா, நல்ல நாளும் அதுவுமா? எம் புள்ள திருந்தி வந்துகீறான். நீ வாய வெச்சிகினு சும்மா இரு."

சும்மா இருந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை குளியலறைக் கதவை உடைக்கும் சத்தம் கேட்டது. ஓடினேன். ஈரத்தரையில் தினேஷ் கிடந்தான். "வலிப்புடா! இரும்பு குடு, இரும்பு!" என்று யாரோ கத்த, கீழ்வீட்டுக்காரர் தன் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்தார். வலிப்பு என்றால் விரல்கள் இறுகும். இவன் விரல்கள் மூடவே இல்லை. சாவி நழுவித் தரையில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. உதடு நீலமாக இருந்தது. நான் 108ஐ அழைத்தபோது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா, போலீஸ் வந்துடும். மறுபடி இட்டுகினு பூடுவானுங்க." கையை உதறிவிட்டு அவன் தலையைச் சாய்த்து, மூக்கை அடைத்து, வாயோடு வாய் வைத்து ஊதினேன். ஆம்புலன்ஸ் வரும்வரை ஊதினேன். வந்த ஊழியரின் காதருகே போய், "வலிப்பு இல்ல, வலி மாத்திரை, ஊசி" என்றேன். அவர் தலையசைத்தார், வேறொன்றும் கேட்கவில்லை. மருத்துவமனையில் தினேஷ் கண் விழித்தான். நான் காதில் பேசியதைச் செல்வி பார்த்திருந்தாள். வராந்தாவில் என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் பெண்கள் என்னைச் சூழ்ந்தார்கள். "வலிப்பாமே பர்மாக்கா? சாவிய குட்த்ததும் எந்துட்டானாமே?" வரிசையில் நின்ற செல்வி குடத்தைப் பார்த்தபடி இருந்தாள். உண்மையைச் சொன்னால் அது மாலைக்குள் காவல் நிலையம் போய்ச் சேரும். "ஆமா, வலிப்புதான். இரும்பு கைல பட்டதும் சரியா பூட்ச்சி" என்றேன். இந்த ஊர்ப் பேச்சு என் வாயில் தடுக்காமல் வந்தது அன்றுதான். செல்வி என் குடத்தை வரிசையில் தனக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

இப்போது எதிர்ப்படுபவர்களெல்லாம் சிரிக்கிறார்கள். மீன்குழம்பு வருகிறது. நேற்று வேலை முடிந்து படியேறும்போது இரண்டாம் மாடியில் ஒரு வாசலோரம் ஆணியில் புதிதாக ஒரு சாவிக்கொத்து தொங்கியது. அந்த வீட்டிலும் ஒரு பிள்ளை மையத்திலிருந்து வரப்போகிறான். "நீ சொன்னல்ல பர்மாக்கா, அதான் எம் புள்ளைக்கும் வலிப்பு வந்தா கைக்கு எட்றாப்புல மாட்டிகிறேன்" என்று அவன் அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "உள்ள வாயேன், டீ போட்டுகினு கீறேன்." முதல்முறையாக இந்த ஊரில் ஒரு வீடு என்னை உள்ளே அழைக்கிறது. செருப்பில் ஒன்றைக் கழற்றிவிட்டேன். மற்றொன்றைக் கழற்றாமல், அந்த வாசலிலேயே நின்றேன்.