ஒண்ணாம் பிளாட்ஃபாரத்தில் ஏஜென்ட் சார்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை... கோயம்புத்தூர் ஜங்ஷன், ஒண்ணாம் பிளாட்ஃபாரம். என் அண்ணன் கையில் ஒரு அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அட்டையில் கொட்டை எழுத்தில் — 'வெல்கம் ஏஜென்ட் சார்'.

ஏஜென்ட் வரவில்லை. எப்படி வருவார்? அவர் மனிதரே இல்லையே!

அண்ணன் சண்முகத்துக்குக் கணபதி ஏரியாவில் பம்புசெட் ஒர்க்‌ஷாப். அவரிடம் மோட்டார் வாங்கும் பெரிய கம்பெனி ஒன்று மெயில் அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவர்கள் ஏஜென்ட்டுக்கு இடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு. அது போனால் ஒர்க்‌ஷாப்பில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. அண்ணனுக்குத் தூக்கமே போய்விட்டது.

அவர் மகன் பிரபு கனடாவில் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறான். "அவன் எங்க அம்மணி போன எடுக்கறான்?" என்று சலித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

"ஏஜென்ட்டு வாராராமா. சரியான பிளாட்பாரம் வேணும்னு போட்டிருக்குது. எந்தப் பிளாட்பாரம்னு போடுல. அப்பறம் ரூட்டு பர்மிசன் வேணுமாமா... உக்கடம் ரூட்டா, சத்தி ரூட்டா?"

எனக்கு அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணாம் பிளாட்பாரமாத்தானுங்ண்ணா இருக்கும்" என்றேன். யோசிக்காமல் பேசுவதில் நான் கெட்டிக்காரி.

அவர் வெறும் கையோடு திரும்பிய பிறகுதான் மெயிலை வாங்கிப் படித்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். ஏஜென்ட் ஒரு சாஃப்ட்வேர்! கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு, செட்டிங் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும்; மாறியிருந்தால் திருத்தும்; தினமும் மேலிடத்துக்குத் தகவல் சொல்லும். பிளாட்ஃபாரம் என்றால் கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை சிஸ்டம். அது பழைய வெர்ஷனாக இருந்தால் ஏஜென்ட் வாசலோடு திரும்பிவிடுவார். ரூட் என்றால் முழு அதிகாரம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப அவருக்கு ஆக்குன கறிச்சோறு?"

நாங்கள் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை மதியம் நானும் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். கம்பெனியின் பெங்களூரு இன்ஜினியர் போனில் வந்தார். சொந்த ஊர் கோபியாம். பம்பு டெஸ்ட் செய்யும் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டதுமே, "ரொம்பப் பழசுங்க. ஏஜென்ட் இதுல நிக்காதுங்க. நெட்டுல இருந்து கழட்டிப்போடுங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒண்ணு போதும்ங்க" என்றார். கணக்கு பார்க்கும் செல்வி கீபோர்டில் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். எல்லாம் பொருந்தியது. கடைசியாக, ஏஜென்ட்டை ஏற்றட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது திரை.

"எஸ்ங்க" என்றார் இன்ஜினியர்.

செல்வி அடித்தாள். சிவப்பு எழுத்தில் திட்டியது. மறுபடி முதலிலிருந்து... மறுபடி சிவப்பு. மணி ஐந்தைத் தாண்டியது. அண்ணன் "சென்னிமலை முருகா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"பிளாட்ஃபாரம் சரிங்க, வெர்சன் சரிங்க, ரூட்டும் குடுத்தாச்சுங்க... ஏனுங்க, நீங்க என்ன அடிச்சீங்கன்னு அப்படியே படிங்க."

"நீங்க சொன்னதத்தானுங்க அடிச்சேன்" என்றாள் செல்வி. "ஒய், ஈ, எஸ், என், ஜி, ஏ."

இன்ஜினியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுல 'ங்க' வேண்டாம்ங்க."

"மரியாதை இல்லாம அடிக்கறதுங்களா?" செல்வி தயங்கி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். வெறும் 'எஸ்'. பச்சை எழுத்து வந்தது. ஆர்டர் பிழைத்தது.

இத்தனை நிபந்தனை போடுகிற மகாராசன்கள், மரியாதை கூடினால் ஏஜென்ட் படுத்துவிடுவார் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

இப்போது தினமும் காலையில், எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஏஜென்ட்டிடமிருந்து அண்ணனுக்கு ஒரு வரி மெயில் வருகிறது. நேற்று அண்ணன் போனில் சொன்னார்: "தங்கமான ஆளு அம்மணி. ஒரு நாள் தவறாம நல்லாருக்கேன்னு போட்டுடறாரு. பெத்த பையன் போடறானா?"

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

உடனே பிரபுவுக்கு மெசேஜ் அனுப்பினேன். "கண்ணு, அப்பாவுக்கு தினம் ஒரு வரி போடு. பெருசா ஒண்ணும் வேண்டாம்... 'எஸ்ங்க' போதும்."