கிடை போட்ட நான்கு பேர்

அன்றைக்கு எங்கள் கக்கூஸின் பின்பக்கம் நின்றவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அண்ணன், அவர் மனைவி. வேறு யாரும் இல்லை.

ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே தண்ணீர் ஊற்றாத கக்கூஸ் எங்களுடையதுதான். தண்ணீருக்குப் பதில் சாம்பல். ஒரு தொட்டி நிறைந்தால் மூடிவிட்டு அடுத்ததற்கு மாறுவோம். மூடியது ஒரு வருஷத்தில் எருவாகிவிடும் என்றார்கள். மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டினேன். எருவைத் தன் கத்தரித் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய் தருவதாக அண்ணன் ஒப்புக்கொண்டிருந்தார். மறுநாள் குழுவுக்கு நான் கட்ட வேண்டியதும் அதே ஆயிரம்தான்.

முந்தின ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. நாற்றம் வந்தால்? வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரை கத்தரிக்காய்க்குள் போய்விட்டால்? காலையில் ஒரு கட்டு ஊதுவத்தியை மொத்தமாகக் கொளுத்தி வைத்தேன்.

வீட்டுக்காரர் தொட்டியைத் திறந்தார். உள்ளே காப்பித்தூள் மாதிரி உதிரியாக இருந்தது. மூச்சு முட்டியது ஊதுவத்தியால்தான். அண்ணன் ஒரு கை அள்ளி முகர்ந்து, "நல்லாத்தான் கீது" என்றார். ஐந்து மூட்டை கட்டிய பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"தங்கச்சி, வயல்ல ஆட்டுக் கிடை போட்டா யாரு யாருக்குக் காசு தரணும்?"

"நெலத்துக்காரருதான் ஆட்டுக்காரருக்குத் தரணும். புழுக்கை அவுரு நெலத்துக்குத்தான உரம்."

"முந்தின வருச மழையில எங்க ஊட்டு கக்கூஸ் டேங்க் ரொம்பி, நாங்க நாலு பேரும் இங்கதான வந்துக்கினு இருந்தோம்? அது கிடைதான? அந்தக் கூலியும் இந்த மூட்டைக் காசும் சரியாப் பூடுச்சு."

கணக்கு சரிபோலவே பட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சாம்பலு நம்ம ஊட்டுதாச்சே மச்சான்" என்று வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்.

"ஆட்டுக்காரனுக்குச் சோறுகூடப் போடுவாங்கோ நைனா. நான் கேட்டனா?"

அண்ணனின் மனைவி கேட்டார்: "அப்ப நான் ஆடா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்கு நீ ஆடா இரு. உன் புள்ளைங்க ரெண்டும் ஆடா இருக்கட்டும். நான் மனுஷி."

பர்சிலிருந்து இருநூற்றைம்பதை எடுத்து, "நாலுல எம் பங்கு" என்று என் கையில் வைத்தார்.

அண்ணன் ஐந்து மூட்டைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் குழுவில், மீதியை மூன்று ஆடுகள் தரவேண்டும் என்று எப்படிச் சொல்வதெனத் தெரியாமல், தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கத்தரி காய்த்து ஓய்ந்துவிட்டது. அந்த எழுநூற்றைம்பது ரூபாய் இன்னும் வரவில்லை.