துளையைக் கடைசியில் போடுகிறவர்

கல்லைக் கையில் எடுத்தால் முதலில் நக்கிப் பார்க்கிறார் உர்குலா. ஈரம் பட்டால்தான் உள்ளே ஓடும் வரி தெரியும் என்பது அவர் கணக்கு. "ரொட்டிய வாயில வைன்னா வைக்கிறதில்ல. கல்லுன்னா மட்டும் நாக்கு நீளுது" என்று உள்ளேயிருந்து மனைவி நின்கல்லா குரல் கொடுப்பாள். திரும்பிப் பார்க்காமலே, "உன் ரொட்டியிலயும் கல்லுதானடி இருக்கு" என்பார்.

உருக் நகரத்துக் கால்வாய்ச் சந்தில், நாணல் பாயில் உட்கார்ந்து அவர் செதுக்குவதெல்லாம் கட்டைவிரல் அளவு விலங்குகள். படகோட்டிக்கு மீன், இடையனுக்குச் செம்மறி, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கன்று. கயிற்றில் கோத்துக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டால் காவல். அவர் கையில் பிறக்கும் ஆடும் மாடும் காலை மடக்கிப் படுத்தே இருக்கும். "நிக்கிற மிருகம் கெளம்பிப் போயிரும். படுத்ததுதான் வீட்டுல தங்கும்" என்பார். சிங்கம் கேட்டு வந்தவனுக்கும் படுத்த சிங்கம்தான் கிடைத்தது.

ஒரு பிடிவாதம் உண்டு. சந்தில் மற்றவர்கள் கயிறு கோக்கும் துளையை முதலில் போட்டுவிடுவார்கள். துளைக்கும்போது கல் உடைந்தாலும் செதுக்கிய பாடு வீணாகாது. இவர் கடைசியில்தான் போடுவார். "மொதல்ல ஓட்டை போட்டா ஓட்டைக்கு ஏத்தாப்புல மாடு உக்காரணும். என் மாடு தனக்கு வசதியா உக்காரும்."

நேற்று அந்தப் பிடிவாதம் காலை வாரிவிட்டது. படகோட்டி அகாவின் பெண்டாட்டி ஷாஷா நிறைமாத வயிற்றோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இந்தத் தடவை வலி எடுக்கும்போது இடுப்பில் கன்று இருந்தாக வேண்டும் அவளுக்கு. கன்று தயார்; துளைதான் பாக்கி. உர்குலா துளைக்கோலில் வில்லின் நாணைச் சுற்றி, வில்லை இழுத்து இழுத்துக் கோலைச் சுழற்றினார். 'டக்'கென்று கன்றின் இடது காது தெறித்து ஷாஷாவின் மடியில் விழுந்தது.

நின்கல்லா வாசலுக்கு ஓடிவந்தாள். "எத்தன தடவ சொன்னேன், மொதல்ல ஓட்டையப் போடுய்யான்னு!"

வேறு வெள்ளைக் கல் இனிப் படகில் வந்தால்தான். அதுவரை குழந்தை காத்திருக்காது.

ஷாஷா காதைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "கெட்ட சகுனமா அண்ணே?"

"என் கைத்தப்பும்மா. கன்னு மேல தப்பில்ல."

அவள் காதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்கும் இந்தக் காதுல பாதிதான். நாய் கடிச்சது. அந்த மனுசன் எத்தன வெள்ளத்துல நீந்திக் கரையேறியிருக்காரு! குடுங்கண்ணே, இது எங்க வீட்டுக் கன்னுதான்."

"நல்லவேள, நாய் மூக்கக் கடிக்கல" என்றாள் நின்கல்லா.

உர்குலா துளையை முடித்தார். உடைந்த இடத்தில் ஈர மணல் போட்டுத் தேய்த்தார். விரலால் தடவினார், காய்த்துப்போன விரலை அவரே நம்பவில்லை. கண்ணை மூடி, இமைமேல் கன்றை வைத்து மெல்ல உருட்டிப் பார்த்தார். எங்கோ இன்னும் உறுத்தியது. மறுபடியும் மணலை அள்ளினார்.