அவர் பங்கு வசனங்கள்

அந்த நாளில் எனக்கு வாசிக்கத் தெரியாது. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீடொன்றில், குடியிருந்தோம். மாலை ஜெபத்தில் என் கணவர் வேதாகமத்தைத் திறந்து, சங்கீதம் என்ற துதிப்பாட்டுகளில் நீண்ட ஒன்றை எனக்கு மனப்பாடமாக்கினார். ஒரு வசனம் அவர் சொல்வார், அடுத்தது நான். என் பங்கு மட்டும் நன்றாகப் பதிந்தது. அவருடையவை காதுக்குத் தெரியும், வாய்க்கு வராது.

வெள்ளைக்காரர் சண்டைக்கு ஆள் எடுத்தபோது, ரோடு போடும் வேலைக்கென்று அவரும் கப்பலேறினார். நான் ஆறு மாதக் கர்ப்பிணி. மாலையில், அவர் தம் வசனத்தைச் சொல்ல ஆகும் நேரம் பேசாமல் இருந்து, பிறகு என்னுடையதைச் சொல்வேன். அங்கே தாமும் தம் வசனத்தைச் சொல்லி, என்னுடையதற்கு இடம் விடுவதாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். தோட்டத்துக் கிளார்க் வாசித்துக் காட்டினார். அதன்பின் கடிதமே இல்லை. சண்டை முடிந்து மற்றவர்கள் திரும்பினார்கள். அவருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"மீதி வசனத்தையும் நான் சொல்லித் தர்றனுங்க," என்றார் வேதக்கோயில் உபதேசியார்.

"வேண்டாமுங்க. அது அவரோடது."

மகளுக்கு எட்டு வயதானபோது, ஒரு மாலை, நான் பேசாமல் இருந்த இடத்தில் அவள் அவருடைய வசனத்தைச் சொன்னாள். ஞாயிறு பள்ளியில் படித்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"அப்பா இப்படித்தான் சொல்லுவாங்களாம்மா?"

"இன்னும் கொஞ்சம் மெதுவாச் சொல்லுவாரு கண்ணு," என்றேன்.

அவள் முதலிலிருந்து மெதுவாகத் தொடங்கினாள்.