எறாவும் எரவும்

நகரி கடைத்தெருவில் ‘இறால்’ என்று வாய் நிறையச் சொல்லிக் கேட்கிற ஒரே ஆள் கமலக்கண்ணன்தான். மற்ற எல்லோருக்கும் அது எறா. மீன்கடை சிட்டிபாபு ஒவ்வொரு சனிக்கிழமையும் இதற்குச் சிரிப்பான்.

"இன்னாண்ணா, டிவியில நியூஸ் வாசிக்கிற மாதிரி கேக்கற?"

கமலக்கண்ணன் சிரிக்க மாட்டார். கவரை வாங்கிக்கொண்டு தறி ஷெட்டுக்குப் போய்விடுவார். போன வருஷம் வரைக்கும் அவரும் எறா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வயது ஐம்பத்து மூன்று. முப்பது வருஷமாக விசைத்தறி. ஆறு நாள் தறிச் சத்தத்தில் கழிந்தால் ஏழாம் நாள் சத்தமே இல்லாத இடம் வேண்டும் அவருக்கு. ஞாயிறு விடியும் முன்பே பைக்கில் தூண்டில் கம்பைக் கட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குக் கிளம்பிவிடுவார். கிழங்கான் சிக்கும், கெளுத்தி சிக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா. ஒன்றும் சிக்காத ஞாயிறுதான் அதிகம். அதில் அவருக்குக் குறையில்லை.

குறை வைக்காமல் பார்த்துக்கொண்டது இரையை. சனிக்கிழமை காலையில் சிட்டிபாபுவிடம் போனால் அவன் முதலில் கேட்பது, "துன்றதுக்கா, தூண்டிலுக்கா?" தூண்டிலுக்கு என்றால் தலை கழன்று விற்காமல் கிடக்கும் எறாவைக் கறுப்புக் கவரில் போட்டுத் தருவான். தின்பதற்கு என்றால் வெள்ளைக் கவர். கமலக்கண்ணனுக்கு எப்போதும் கறுப்புதான். வீட்டில் சமைக்க எறா வாங்குகிற வசதி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது.

அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, வாசம் போய்விடும். ஓட்டை உரித்து, கல்லுப்பும் மஞ்சளும் துளி பெருங்காயமும் தடவி, மாடி வெயிலில் முறத்தில் பரப்ப வேண்டும். தோல்போல இறுகினால்தான் முள்ளில் நிற்கும். கடைசியாகத் தறியிலிருந்து கொண்டுவந்த கழிவு நூலால் ஒவ்வொன்றையும் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். இல்லாவிட்டால் நண்டு பிய்த்துத் தின்றுவிடும். அவர் போடும் முடிச்சு, தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு இழை அறுந்தால் தறிக்காரர்கள் போடுவது. குந்துமணி அளவுகூட இருக்காது. அது தனக்குக் கைவர மூன்று மாதம் ஆனதென்றும், அதுவரை மேஸ்திரியிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை என்றும் சொல்வார்.

இதையெல்லாம் மாடியில் துணி காயப்போட வந்து நின்று பார்த்தவள் மருமகள் தரணி. பாகாலாவிலிருந்து வந்தவள், வீட்டுமொழி தெலுங்கு. சத்தியவேடு பக்கத்துக் கம்பெனியில் மகன் திலீப்போடு வேலை பார்த்து, அவனையே கட்டிக்கொண்டவள். மாமனாருக்கும் மருமகளுக்கும் பேச்சு என்று இருந்ததெல்லாம் அந்தச் சனிக்கிழமை அரைமணி நேரம்தான்.

"இது எதுக்கு மாமய்யா நூலு?"

"நண்டு துன்னாம இருக்கறதுக்கும்மா."

"அப்போ மீனு எப்டி துன்னும்?"

"அது நூலோட முழுங்கும். மீனுக்கு நம்ம திலீப் மாதிரி அவசரம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தூண்டில் இரையைத் தெலுங்கில் ‘எர’ என்பார்கள். "இன்னிக்கி எர நல்லா காஞ்சிச்சா?" என்று அவள் கேட்கக் கேட்க, அவர் வாயிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. எர என்றால் தூண்டிலுக்கு, எறா என்றால் தின்பதற்கு. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு கொஞ்சம் இடைவெளி என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அவர் மனைவி கன்னியம்மாளின் அண்ணன் சண்முகம். விஜயபுரத்தில் வேர்க்கடலை பயிர் வைப்பவர். தன் மகள் தேவயானியைத் திலீப்புக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருந்தார். தரணி வந்ததும் கோபித்துக்கொண்டு வருவதையே நிறுத்தினார். ஆறு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை வந்து சாப்பிட்டுப் போகிறேன் என்று இறங்கி வந்தார். அவருக்கு எறாத் தொக்கு என்றால் உயிர். கன்னியம்மாள் காலையிலேயே அண்ணனை அழைத்து வர விஜயபுரம் போனாள். கமலக்கண்ணன் சிட்டிபாபுவிடம் நல்ல எறாவாக ஒரு கிலோ வாங்கினார்.

"வெள்ளைக் கவர் தீந்துபோச்சுண்ணா," என்று கறுப்பில் போட்டுத் தந்தான் அவன்.

அதைச் சமையல்கட்டில் வைத்துவிட்டு, குளித்துக்கொண்டிருந்த மருமகளுக்குச் சொல்லாமல் ஷெட்டுக்கு ஓடினார். பத்து மணிக்கு அங்கிருந்து போன் செய்தார். தறியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நெய்யும் மீட்டர் குறையும், கூலியும் குறையும். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"கவர்ல எறா இருக்குதும்மா! சாயந்தரத்துக்குள்ள ரெடி பண்ணி வச்சிடு!"

"சரி மாமய்யா!" என்று அந்தப் பக்கமும் உற்சாகமாகக் கத்தியது.

சாயங்காலம் பேருந்து நிலையத்தில் இறங்கிய அண்ணனையும் தங்கையையும் கமலக்கண்ணன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். தரணி தட்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசலுக்கே வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "எர ரெடி மாமய்யா!"

தட்டு நிறைய எறா. உப்பும் பெருங்காயமும் ஏறி, வெயிலில் சுருண்டு, ஒவ்வொன்றும் நூல் சுற்றி முடிச்சிட்டுக் கிடந்தது. கன்னியம்மாள் முந்தானையால் மூக்கை மூடினாள்.

சண்முகம் எட்டிப் பார்த்தார். "பரவால்ல மாப்ளே. மீனுக்கு வைக்கிறதையே எங்களுக்கும் வைக்கிறீங்க. முள்ளு எங்க, தொண்டையிலயே மாட்டிடுவீங்களா?"

அப்போது சிரித்திருந்தால் முடிந்திருக்கும். சண்முகமேகூட சிரிக்கத் தயாராகத்தான் நின்றார். கமலக்கண்ணனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ஆறு மாசமா இந்த ஊட்ல சோறு துன்ற. ஒரு எறாவுக்குத் தமிழ் தெரியல. மனுசன் துன்றது எது, மீனு துன்றது எதுன்னு பாகாலாவுல சொல்லித் தரலியா?"

தட்டைப் பிடுங்கிக் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்தார். தரணி கையை மோந்து பார்த்தாள், உள்ளே போனாள், முட்டை வேகவைத்தாள். சண்முகம் முட்டைக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, "புள்ள நல்லாத்தான் சமைக்கிது," என்று சொல்லிவிட்டே போனார்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் மாடிக்கு அவள் வரவில்லை, அவரும் எறா காயவைக்கவில்லை, பழவேற்காட்டுக்கும் போகவில்லை. சண்டையும் இல்லை. காபி வந்தது, சோறு வந்தது, கேட்டால் பதில் வந்தது. இரண்டு மாதத்தில் திலீப் திருப்பதியில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே வீடும் பார்த்துவிட்டான். போகும்போது தரணி காலில் விழுந்து கும்பிட்டாள். அவர் நல்லா இரும்மா என்றார். 

வெகுநாள் கழித்து ஒரு ஞாயிறு தூண்டிலை எடுத்தார். ஃப்ரீசரில் அவருடைய இரை டப்பா இருந்தது. பழசு ஏதோ மிச்சம் என்று எடுத்துப் போனார். பழவேற்காட்டில் கரையில் உட்கார்ந்து திறந்தால் உள்ளே இருந்தது அன்றைய எறா. தட்டில் கொள்ளாததை அவருடைய டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறாள்.

ஒன்றை எடுத்து முள்ளில் கோத்து வீசினார். கால்மணி கழித்து இழுத்துப் பார்த்தார். நண்டு சுரண்டிய தடம் இருந்தது, இரை அசையவில்லை. அவர் கட்டியது எதுவும் இவ்வளவு நேரம் நின்றதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நூலை விரலால் தடவிப் பார்த்தார். வாலிலிருந்து மேலே வரை இடைவெளி மாறாத சுற்று. முடிவில் குந்துமணிக்கும் சின்னதாகத் தறிக்காரர் முடிச்சு. யாரும் சொல்லித் தராத முடிச்சு. துணிக் கொடியோரம் நின்று பார்த்தே கற்றிருக்கிறாள். ஒரு கிலோ எறா, ஒவ்வொன்றாக, ஒரு பகல் முழுக்க.

அதற்குமேல் அவர் வீசவில்லை. மிச்சத்தை மூடி வீட்டுக்கே கொண்டுவந்தார்.

அடுத்த நாள் ஷெட்டில் தறியை நிறுத்தினார். பக்கத்துத் தறி சீனு என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தான். பாவு அறாமல் கமலக்கண்ணன் தறி நின்று அவன் பார்த்ததில்லை. அவர் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் திருப்பதிக்கு போன் போட்டார்.

"செப்பண்டி மாமய்யா."

சொல்லுங்கள் என்கிறாள், மரியாதையில் குறையே இல்லை. அந்தத் தெலுங்கு மரியாதை அவருக்குச் சுருக்கென்றது. முன்பெல்லாம் உடைந்த தமிழில்தான் பேசுவாள்.

"நீ கட்டுன எரய நேத்துதான் பாத்தேம்மா. நண்டால ஒண்ணும் பண்ண முடியல. அன்னிக்கி தப்பு என்னுது. தறிய நிறுத்திட்டுப் பேசியிருக்கணும்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பிறகு, "பரவால்லேது மாமய்யா."

"ஞாயித்துக்கெழம வரட்டுமா? எறா வாங்கினு வரேன்."

அந்தப் பக்கம் அடுப்பை அணைத்தாள். தறிச் சத்தம் இல்லாததால் அந்தச் சொடுக்குகூட அவருக்குக் கேட்டது.

"எந்த எறா?" என்று கேட்டாள்.

விளையாட்டா, குத்தலா என்று அவருக்குக் குரலிலிருந்து பிடிபடவில்லை. முன்பென்றால் தெரிந்திருக்கும். "இறால்மா," என்றார் ஒவ்வொரு எழுத்தாக. "துன்றது. இறால்."

"திலீப்கிட்ட கேட்டுச் சொல்றேன் மாமய்யா," என்று தமிழில் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

அவள் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. டப்பா ஃப்ரீசரில் இருக்கிறது. நாறுகிறது என்று கன்னியம்மாள் தூக்கிப் போடப் பார்த்தாள். அவர் விடவில்லை.